தனுஷ்கோடி இடிபாடுகளைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாமா?

சேதுக்கரை வாசகன்:
தனுஷ்கோடியில் மிச்சமிருக்கும் ரயில் நிலையச் சுவர், தேவாலயம், தண்ணீர்த் தொட்டி, அஞ்சலகம் எல்லாம் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை திறந்த பிறகு கூட்டம் பெருகிவிட்டது. சுவர்மேல் ஏறிப் படம் எடுக்கிறார்கள், பவளக்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். மத்தியத் தொல்லியல் சட்டத்தின் கீழ் இந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் கேட்கும் வயது 100. இந்தத் துறைமுகம் இயங்கத் தொடங்கியது 1914. எனவே வயது ஒரு தடையே இல்லை.

இணையத்தில் இந்த ஊருக்கு 'பேய் நகரம்' என்று பெயர். புயல் ஊரை அழித்த 1964 டிசம்பர் 22 இரவை மட்டும்தான் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய 50 ஆண்டுகளை யாரும் சொல்வதில்லை. பாம்பன் பாலம் திறந்த அதே 1914இல் இங்கே கப்பல் போக்குவரத்தும் தொடங்கியது. எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். இங்கே இறங்கி நீராவிக் கப்பல் ஏற வேண்டும், இலங்கைக் கரையில் தலைமன்னாரில் மறுபடி ரயில். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற கப்பல்கள், பின்னாளில் கோஷன், இர்வின். சுங்க அலுவலகமும் பள்ளிக்கூடமும் தபால் நிலையமும் இருந்த ஊர் இது. அதைச் சாவின் பெயரால் மட்டும் நினைவு வைத்திருப்பது அநியாயம்.

கம்பிப்பாடு மகன்:
அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்கும் சட்டம் இங்கே கம்பிப்பாட்டில் குடியிருக்கும் மீனவர்களான எங்களை என்ன செய்யும் என்று யோசித்தீர்களா? சின்னமாக அறிவித்தால் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் எதையும் செய்ய முடியும். எங்கள் குடிசைகள் அந்தச் சுவர்களை ஒட்டித்தான் இருக்கின்றன. புயலில் ஓலை பறந்தால் மறுபடி வேய்வதற்கு மனு எழுதிக்கொண்டு அலைய வேண்டுமா?

புயலுக்குப் பிறகு இந்த ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. அந்த ஒரு வரியைக் காட்டியே பல ஆண்டுகள் கரண்ட் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை என்றார்கள். ஆனாலும் எங்கள் ஆட்கள் திரும்பி வந்தார்கள். மீன் இங்கேதானே இருக்கிறது! வடக்கே அமைதியான பெண் கடல், தெற்கே அலை மிகுந்த ஆண் கடல். ஒரு பக்கம் காற்று அடித்தால் மறுபக்கம் வலை இறக்கலாம். இந்த வசதி வேறு எந்தக் கரையில் கிடைக்கும்? மணலைக் கையால் தோண்டினால் குடிக்க நல்ல தண்ணீர் ஊறும். கரைவலை இழுக்க எங்களுக்கு நீளமான, காலியான கரை வேண்டும். அதில் கம்பிவேலி வந்தால் தொழில் முடிந்தது.

சுண்ணாம்புக்காரை:
பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். சட்டத்தை விடுங்கள், கல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அந்தச் சுவர்கள் பெரும்பாலும் பவளக்கல்லும் சுண்ணாம்புக் காரையும். பவளக்கல்லில் துளைகள் அதிகம். உப்பு நீர் உள்ளே ஏறும், வெயிலில் காய்ந்ததும் உப்பு படிகமாகி விரியும், கல்லை உள்ளிருந்தே உடைக்கும். வெளியே காற்று மணலை வாரி அடித்துக்கொண்டே இருக்கும். இதற்கு மேல் நல்லெண்ணத்தோடு யாராவது சிமென்ட் பூசினால் அதோடு கதை முடிந்தது. சிமென்ட் உப்பை வெளியே விடாது. பூச்சு அப்படியே நிற்கும், பின்னால் இருக்கும் கல் மாவாகிவிடும். சுண்ணாம்பை மட்டும் வைத்துத்தான் வேலை பார்க்க முடியும், அதையும் சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், அடியில் இருப்பது பாறை இல்லை, மணல். இந்த முனையே இடம் மாறிக்கொண்டிருக்கிறது. ஊரின் தெற்குப் பகுதி ஏற்கெனவே கடலுக்குள் இருக்கிறது. தேவாலயத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் முட்டுக் கொடுத்து நிறுத்தலாம். மற்றவற்றை அங்குலம் அங்குலமாக அளந்து, படம் எடுத்து, வரைந்து வைத்துவிட்டு, போக விட வேண்டியதுதான். மொத்தத்தையும் காப்பாற்றுகிறேன் என்று சொல்பவர் பணத்தைக் கடலில் கொட்டச் சொல்கிறார்.

சேதுக்கரை வாசகன்:
'போக விட வேண்டியதுதான்' என்பதை ஒரு நிபுணர் சொன்னால் மறுநாளே யாராவது புல்டோசரோடு வந்து நிற்பார்கள். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மறுபடி 17 கிலோமீட்டர் ரயில் பாதை போட 2019இல் அடிக்கல் நாட்டியதை மறந்துவிட வேண்டாம். மாநில அரசு மறுத்ததால் அது நின்றிருக்கிறது. நாளைக்கு மனம் மாறினால்? பழைய நிலையம் இருக்கும் இடத்தில்தானே புது நிலையத்துக்கும் கண் போகும்? சட்டப் பாதுகாப்பு இல்லாத சுவரை இடிக்க ஒரு ஒப்பந்தக்காரரின் கையெழுத்து போதும்.

வழிப்போக்கன்:
எனக்கு இதில் இவ்வளவு சண்டை ஏன் என்று தெரியவில்லை. கம்பிப்பாட்டில்தான் புது கலங்கரை விளக்கம் எழுந்திருக்கிறதே. 2020இல் அடிக்கல் நாட்டியது, சுமார் 50 மீட்டர் உயரம். மேலிருந்து பார்த்தால் இரண்டு கடலும் தெரியும். அதன் காலடியில் ஒரு அருங்காட்சியகம் வைத்து, பழைய படங்கள், கப்பல் மாதிரிகள், போட் மெயில் கதை எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்துவிடலாம். இடிபாட்டின் மேல் கூட்டமும் குறையும், மீனவர்களுக்குக் கடை வைத்த வருமானமும் வரும்.

கம்பிப்பாடு மகன்:
லைட் ஹவுஸ் வேண்டாம் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. இருட்டில் தீடை என்கிற மணல்திட்டுகளுக்கு நடுவே வரும்போது போனில் சார்ஜ் தீர்ந்தால் அந்த வெளிச்சம்தான் வழி. அது எங்கள் தொழிலுக்கான விளக்கு, அதை மதிக்கிறேன்.

ஆனால் அது நேற்று வந்தது. பழைய துறை அங்கே இல்லை. அருங்காட்சியகத்தை அங்கே வைத்தால் வருகிறவர் கோபுரத்தைப் பார்த்துவிட்டு அதுதான் தனுஷ்கோடி என்று நினைத்துக்கொண்டு போவார். கடை வருமானம் என்கிறீர்கள். சங்கு, பாசி மாலை விற்கிற எங்கள் பெண்களை எத்தனை தடவை எழுப்பி விட்டிருக்கிறார்கள் தெரியுமா? இப்போது 2025இல் பூநாரைச் சரணாலயம் வேறு அறிவித்திருக்கிறார்கள், 500 ஹெக்டேருக்கு மேல். பறவை வரட்டும், எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொரு அறிவிப்பிலும் வனத்துக்கு ஒரு எல்லை, தொல்லியலுக்கு ஒரு எல்லை, சுற்றுலாவுக்கு ஒரு எல்லை போடுகிறார்கள். வலை காயப் போட ஒரு எல்லையை யாரும் வரைவதில்லை.

மன்னார்த்தீவு:
மன்னாரில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் பாதித் துறையைப் பற்றித்தான் கதைக்கிறீர்கள். மற்றப் பாதி எங்கட பக்கம் இருக்கு.

தலைமன்னார் இறங்குதுறையின் இரும்புக் கால்கள் இன்னும் கடலுக்குள் துருப்பிடித்து நிற்குது. கரையில் வெள்ளைக் கலங்கரை விளக்கம், 1915இல் கட்டினது. உங்கட கோபுரம் புதுசு, எங்கட கோபுரம் அந்தக் கப்பல்களுக்காகவே எழும்பினது. தனுஷ்கோடியில் ஏறினவர்கள் இரவில் இந்தப் பக்கம் கண்ட வெளிச்சம் அதுதான். யுத்தத்தில் 1990இல் ரயில் நின்றது, தண்டவாளமே இல்லாமல் போச்சு. 2015 மார்ச்சில் திரும்பவும் இறங்குதுறை ஸ்டேஷன் வரைக்கும் ரயில் வந்தது. ஆனால் ரயிலால் இறங்கினால் ஏறக் கப்பல் இல்லை. நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் கப்பல் விட்டார்கள். எங்கட துறை இன்னும் காத்துக்கொண்டு இருக்கு.

இரண்டு கரையையும் ஒரே மரபிடமாகப் பதிவு செய்ய வேணும் என்பது என்ர நிலைப்பாடு. ஒரு கரையை மட்டும் காப்பாற்றினால் கப்பல் எங்கே போனது என்று வருகிறவருக்கு எப்படி விளங்கும்?

சுண்ணாம்புக்காரை:
கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையில் இரண்டு நாட்டு அரசுகள், இடையில் கடல் எல்லை, கடற்படை. மீனவர் கைது விவகாரத்தையே பேசித் தீர்க்காதவர்கள் இடிந்த ஜெட்டிக்காக உட்கார்ந்து பேசுவார்களா? அந்தக் கோப்பு நகர்வதற்குள் தேவாலயம் விழுந்துவிடும்.

கோத்தகிரி ரா:
கப்பலின் பெயர், கல்லின் தன்மை, கோபுரத்தின் உயரம் எல்லாம் படித்தேன். அந்தக் கப்பலில் போனது யார் என்று ஒருவரும் எழுதவில்லை. அதனால் சொல்கிறேன்.

போட் மெயிலில் துரைமாரும் வியாபாரிகளும் போனார்கள், உண்மைதான். அதே துறை வழியாகத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்கள் எங்கள் ஆட்கள். ராமநாதபுரம், திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணி திரட்டிக்கொண்டு வருவார். முதலில் மண்டபம் முகாம். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. அங்கே நாள்கணக்கில் அடைத்து வைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் கப்பலேற்றுவார்கள். இந்தத் துறை வருவதற்கு முந்தைய காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

அப்புறம் 1964 அக்டோபர் 30. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒப்பந்தம் ஆகி எட்டு வாரத்துக்குள் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. அதனால் திரும்பி வந்தவர்கள் தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மறுபடி அதே மண்டபம் முகாம். அங்கிருந்து நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டம், எங்கெங்கோ. எங்கள் குடும்பம் வந்த வழியும் அதுதான்.

1897இல் விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து பாம்பனில் இறங்கியதற்குக் குந்துகாலில் நினைவிடம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். லட்சக்கணக்கில் போய், லட்சக்கணக்கில் திரும்பிய எங்கள் ஆட்களுக்கு இந்தக் கரையில் ஒரு பலகையாவது பார்த்திருக்கிறீர்களா? சுவரைக் காப்பாற்றுவது பற்றி எனக்கு உறுதியான கருத்து இல்லை. ஆனால் சுவரைக் காப்பாற்றி, அதன் முன்னால் 'ஆங்கிலேயர் கால ரயில் நிலையம்' என்று மட்டும் எழுதினால் அதை எதிர்ப்பேன்.

வழிப்போக்கன்:
இது எனக்குப் புதிய செய்தி. அருங்காட்சியகம் என்று நான் சொன்னதில் இதுதானே முதலில் வர வேண்டும்?

கோத்தகிரி ரா:
வரலாம். ஆனால் மண்டபத்தில் வைக்க வேண்டும். எங்கள் கதையின் பெரும்பகுதி நடந்த இடம் அந்த முகாம். 1983க்குப் பிறகு யுத்தத்துக்குத் தப்பி வந்த ஈழத்து மக்களும் அங்கேதான் தங்கினார்கள். செல்பி எடுக்கும் இடத்தில் நான்கு படங்களை மாட்டி எங்கள் கணக்கை முடித்துவிடக் கூடாது.

மன்னார்த்தீவு:
கோத்தகிரி சொன்னதை ஆதரிக்கிறேன். எங்கட இறங்குதுறையிலும் மலையகச் சனம் கப்பலேறின நாட்களைக் கண்ட வயசானவர்கள் இன்னும் இருக்கினம். கோச்சி, அதுதான் ரயில், நிற்கும் வரைக்கும் ஒப்பாரிச் சத்தம் கேட்கும் என்று சொல்வார்கள். அரசாங்கங்கள் பேசும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, சுண்ணாம்புக்காரை அண்ணை. அந்த ஆட்களின் வாய்மொழியைப் பதிவு செய்ய எந்த அனுமதியும் தேவையில்லை. இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் தொடங்கலாம்.

சேதுக்கரை வாசகன்:
வாய்மொழிப் பதிவு வேண்டும், மண்டபத்தில் நினைவகமும் வேண்டும். இரண்டுக்கும் நான் உடன்படுகிறேன். ஆனால் கல்லை விட்டுவிட நான் தயாரில்லை. அந்தப் புயல் இரவில் 653 எண் பாசஞ்சர் நிலையத்துக்குச் சற்று முன்பு சிக்னல் கிடைக்காமல் நின்று, அலையில் மூழ்கியது. பயணிகளும் ஊழியர்களுமாக 115 பேர் என்பது ரயில்வே சொன்ன கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் அதில் இல்லை. அவர்களின் உறவினர் வந்து நின்று அழுவதற்கு அந்த நிலையச் சுவரைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அளந்து வரைந்த படத்தின் முன்னால் போய் யாரும் அழ மாட்டார்கள்.

கம்பிப்பாடு தம்பி, உங்களிடம் நேராகக் கேட்கிறேன். மத்தியச் சட்டம் வேண்டாம் என்கிறீர்கள். சரி, எது வந்தால் ஏற்பீர்கள்?

கம்பிப்பாடு மகன்:
நேராகவே சொல்கிறேன் அண்ணே. முதலில் குடியிருப்புக்குப் பட்டா. அது கையில் வந்த பிறகு எந்தப் பலகை வேண்டுமானாலும் நடுங்கள். இரண்டாவது, தேவாலயம், நிலையம், தண்ணீர்த் தொட்டி, இந்த மூன்றை மட்டும் சுண்ணாம்புக்காரை சொல்கிற மாதிரி நிறுத்துங்கள். வேலி கட்டடத்தில் இருந்து பத்தடிக்குள் இருக்கட்டும், கரைக்கு வரக் கூடாது. மூன்றாவது, காவலுக்கும் கதை சொல்வதற்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே சம்பளத்தோடு வேலை. இந்தச் சுவர்களில் இத்தனை நாள் கல் மிச்சம் இருப்பதே எங்கள் ஆட்கள் சுற்றுலாக்காரர்களை விரட்டியதால்தான்.

சேதுக்கரை வாசகன்:
இரண்டாவதையும் மூன்றாவதையும் முழுமனதோடு ஏற்கிறேன். பட்டா வரும்வரை பாதுகாப்பு வேலையே தொடங்கக் கூடாது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. பட்டாவுக்கு இன்னும் 20 வருஷம் இழுத்தால் தேவாலயம் அதுவரை நிற்காது.

கம்பிப்பாடு மகன்:
எங்கள் ஆட்கள் 60 வருஷமாக நிற்கிறார்கள் அண்ணே. பட்டாதான் முதலில்.

சுண்ணாம்புக்காரை:
முட்டுக் கொடுப்பதற்குச் சின்னம் என்ற அறிவிப்பு தேவையில்லை. சவுக்குக் கட்டையும் சாரமும் போதும், பழையபடி அகற்றியும் விடலாம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தேவாலயத்தின் மேற்குச் சுவருக்கு அதையாவது செய்ய வேண்டும். பட்டா விவகாரத்தை அது ஒரு அடிகூடத் தொடாது. கம்பிப்பாடு, இதற்கு உங்கள் ஊர்க் கூட்டம் சம்மதிக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள். சம்மதம் என்றால் அளவெடுக்க நானே வருகிறேன்.