அந்த நடுவட்டம் சிவப்பா, வெளிர்நீலமா?

இறக்கைநோக்கி
இரண்டு நாளாக ஒரு வண்ணமூட்டிய படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. காக்கிச் சட்டையில் ஓர் அதிகாரி, அவருக்குப் பின்னால் ஒற்றை எஞ்சின் போர்விமானம். வால்பக்கம் நின்று எடுத்த படம் என்பதால் இடச்சிறகின் மேற்புறம் முழுதாகத் தெரிகிறது. தலைப்பு: “1942 தொடக்கம், பர்மா, மஜும்தார் தன் ஸ்பிட்ஃபயருடன்.” ஒரே வரியில் இத்தனை பிழையைத் திணிக்கத் தனித் திறமை வேண்டும்.

அது ஹரிகேன். சக்கரக் கால்கள் அகன்று நிற்கின்றன. ஸ்பிட்ஃபயருக்குக் கால்கள் உடலை ஒட்டிப் பொருத்தப்பட்டு வெளிப்பக்கமாக மடங்கும், அதனால் குறுகலாக நிற்கும். ஹரிகேனுக்கு உள்பக்கமாக மடங்கும். காக்பிட்டுக்குப் பின்னால் துணி போர்த்திய உடலில் நீளவாக்கில் வரிவரியாக மேடு தெரிகிறதே, அது ஸ்பிட்ஃபயரின் தகட்டு உடலில் வராது. அடுத்து, 1942 பிப்ரவரியில் இந்திய விமானப்படை அதிகாரி மஜும்தாரின் முதலாம் ஸ்குவாட்ரன் பர்மாவில் ஓட்டியது லைசாண்டர் என்ற வேவு விமானம். ஹரிகேன் அவர்களுக்கு வந்தது அதன் பிறகு. கடைசியாக ரவுண்டல், அதாவது சிறகில் வரைந்த வட்ட அடையாளச் சின்னம்: நடுவட்டம் வெளிர்நீலம். ஆகவே, நடுச் சிவப்பை நீக்கி வெளிர்நீலம் பூசத் தொடங்கிய 1943 நடுப்பகுதிக்குப் பிந்தைய படம். சிவப்பு பூசியது வண்ணமூட்டிய செயலி.

சாம்பல்48
ஹரிகேன் சரி, லைசாண்டர் சரி. நடுவட்டம் வெளிர்நீலம் என்று யார் சொன்னது? கறுப்பு வெள்ளையில் நீலத்தைக் கண்ட முதல் மனிதர் நீங்கள்தான். சிறகின் மேற்புறத்தில் பி வகை ரவுண்டல்: சிவப்பு நடு, நீல வெளிவட்டம், இடையில் வெள்ளை கிடையாது. எல்லா நிறத்தையும் உணரும் பான்க்ரோமாட்டிக் பிலிமில் அந்தச் சிவப்பு நீலத்தைவிடச் சற்று வெளிறித்தான் விழும். படத்தில் இருப்பதும் அதுதான். 1942 கடைசியாகக்கூட இருக்கலாம்.

நெகட்டிவ்காரன்
“சற்று வெளிறி” என்பதற்கும் இந்தப் படத்தில் இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நடுவட்டம் அதிகாரியின் சட்டையைவிட வெளுப்பாக இருக்கிறது. எந்த பிலிமில் ஐயா சிவப்பு காக்கியைவிட வெளுக்கும்?

முதலில் எந்த பிலிம் என்று பார்க்க வேண்டும். ஆர்த்தோக்ரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாக விழும். நீலம் வெளுக்கும், மஞ்சள் கறுக்கும். ஏ1 வகை ரவுண்டலின் மஞ்சள் வெளிவளையம் சில படங்களில் காணாமல் போவது இதனால்தான். சரி, இது ஆர்த்தோ என்று எப்படித் தெரியும்? நிறம் தெரிந்த வேறொரு பொருளை அதே படத்தில் தேடுங்கள். அதிகாரிக்கு வலப்புறம் நிற்கும் விமானியின் கழுத்தில் மே வெஸ்ட் மிதவை அங்கி. 1941 மாதிரி, மஞ்சள். படத்தில் கரிபோல் இருக்கிறது. வானம் மேகமே இல்லாமல் வெள்ளைத் தாள். உதடுகள் கறுப்பு. மூன்றும் ஆர்த்தோ என்கின்றன. ஆர்த்தோவில் சிவப்பு நடுவட்டம் நீலத்தைவிடக் கறுத்திருக்க வேண்டும். இங்கே வெளுத்திருக்கிறது. சிவப்பு இல்லை.

சாம்பல்48
மே வெஸ்ட் மஞ்சளா? 1932 மாதிரி பச்சை கலந்த நிறம், அதைச் சில விமானிகள் தாங்களே மஞ்சள் பூசிக்கொண்டார்கள். இது பூசாத பழையது, எண்ணெய்க் கறை வேறு. அதை அளவுகோலாக வைத்து பிலிமைத் தீர்மானிப்பதா? வானம் வெளுத்தது கூடுதல் வெளிச்சம் விட்டதால். நடுவட்டம் சிவப்பு.

கரைவிமானி
ஒரு சந்தேகம். தலைப்பு இருக்கட்டும், படத்தைப் பகிர்ந்தவர் கீழே “இம்பால்” என்றும் எழுதியிருக்கிறார். இம்பாலில் கடல் ஏது? மிதவை அங்கி எதற்கு? இது அரக்கான் கரைப்பக்கம், காக்ஸ் பஜாரோ சிட்டகாங்கோ.

இறக்கைநோக்கி
அங்கி அணிந்தவரெல்லாம் கடல்மேல்தான் பறந்தார் என்றால் ஹெல்மெட் போட்டவரெல்லாம் பைக் ஓட்டுகிறாரா? இடத்தைத் தனி இழையில் பேசுவோம்.

கரைவிமானி
தனி இழையில் பேசித்தான் போன மாதம் வெஞ்சன்ஸ் குண்டுவீச்சு விமானத்தை ஹார்வர்ட் பயிற்சி விமானம் என்று சாதித்தீர்கள். மேலிருந்து பார்த்தால் டபிள்யூ மாதிரி வளைந்த சிறகு, கண்ணுக்கு முன்னால். இன்னும் திருத்தவில்லை.

இறக்கைநோக்கி
அது மங்கல் படம் என்று அப்போதே சொன்னேன்.

தோள்பட்டை
ஆளைப் பற்றி யாருமே பேசவில்லையே! தோளில் பட்டைகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே அகலமானால் விங் கமாண்டர். நடுவில் உள்ளது மெலிந்திருந்தால் ஸ்குவாட்ரன் லீடர். நெஞ்சில் சரிவுக் கோடு போட்ட ரிப்பன், ஆகவே போரில் வீரத்துக்கான டி.எஃப்.சி. பதக்கம். அதன் நடுவில் ஒரு புள்ளி மின்னுகிறது. அது வெள்ளி ரோஜாச் சின்னமானால் இரண்டாம் முறை பெற்றவர், மஜும்தாராகவே இருக்கலாம்.

நெகட்டிவ்காரன்
சரிவுக் கோடு ஏ.எஃப்.சி. என்ற இன்னொரு விமானப்படைப் பதக்கத்தின் ரிப்பனிலும் உண்டு. டி.எஃப்.சி. ஊதாவும் வெள்ளையும், ஏ.எஃப்.சி. சிவப்பும் வெள்ளையும். கறுப்பு வெள்ளையில் பிரிக்க மறுபடி பிலிம்தான் வேண்டும்: ஆர்த்தோவில் ஏ.எஃப்.சி. கோடு கரியாகும், டி.எஃப்.சி. கோடு சாம்பலாகத் தங்கும். இங்கே சாம்பல். ஆக, டி.எஃப்.சி. என்று ஒப்புக்கொள்கிறவர்கள் என் ஆர்த்தோவையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார்கள். மெல்லிய நடுப்பட்டை இந்தத் தரத்தில் தெரியாது, அதனால் பதவியைச் சொல்ல மாட்டேன். புள்ளி தூசியாகவும் இருக்கலாம்.

சாம்பல்48
சொல்லவில்லை என்பதையும் இத்தனை நீளமாகச் சொல்ல உங்களால்தான் முடியும். ஒரு கணக்கு சொல்கிறேன். உடலின் பின்பகுதியில் பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கம் தெரிகிறது. அந்த எழுத்து 8 அங்குல உயரம். ரவுண்டலின் அகலப்பக்கம் அதைப்போல் நான்கு மடங்கு, 32 அங்குலம். சிறகு கேமராவிலிருந்து இன்னும் தள்ளி இருப்பதால் உண்மை விட்டம் அதற்கும் மேல். சீயாக் எனப்படும் தென்கிழக்காசியக் கட்டளையகத்தின் வெளிர்நீல நடு ரவுண்டல் எவ்வளவு? வழக்கமாக 16 அங்குலம். இது அதைப்போல் இரட்டிப்புக்கும் மேல். ஆகவே பழைய பி வகை. ஆகவே சிவப்பு. முடிந்தது.

நெகட்டிவ்காரன்
முடியவில்லை. ஜப்பானிய விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழம்பித் தங்கள் ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்றுதான் சிவப்பை எடுத்தார்கள். அமெரிக்கர்கள் 1942 மே மாதமே நட்சத்திரத்தின் நடுச் சிவப்பை நீக்கிவிட்டார்கள். இந்தியாவில் இருந்த விமானங்களில் முதலில் நடந்தது என்ன? பெரிய ரவுண்டலைச் சுரண்டிச் சின்னதாக வரைய யாருக்கு நேரம்? சிவப்பின்மேல் மட்டும் வெள்ளையைப் பூசினார்கள். வெள்ளை பளிச்சென்று உருமறைப்பைக் கெடுத்ததால்தான் வெளிர்நீலம் வந்தது. பெரிய விட்டம் இருப்பதால் சிவப்பு என்று ஆகாது.

சாம்பல்48
நேற்று வரை வெளிர்நீலம். இன்று வெள்ளை. நாளைக்கு என்ன, ரோஸா?

நெகட்டிவ்காரன்
வெள்ளையோ வெளிர்நீலமோ, சிவப்பு இல்லை. நான் முதலிலிருந்து சொன்னது அது ஒன்றுதான். வெளிர்நீலம் என்றது இறக்கைநோக்கி.

இறக்கைநோக்கி
என்னை ஏன் இழுக்கிறீர்கள்? நான் சொன்னது 1943 நடுப்பகுதிக்குப் பின் என்று. அதை இருவருமே மறுக்கவில்லை.

சாம்பல்48
நான் மறுக்கிறேன். மூன்று முறை மறுத்தாயிற்று.

பிரதிக்காரர்
நாம் பார்ப்பது அச்சுப்படியைப் படம்பிடித்த பிரதி. பிரதியெடுத்த பிலிம் ஆர்த்தோவாக இருந்தால் நெகட்டிவ்காரன் சொல்வதெல்லாம் அடிபடாதா?

நெகட்டிவ்காரன்
அடிபடாது. அச்சுப்படியில் நிறமே இல்லை, சாம்பல்தான். சாம்பலை எந்த பிலிமில் பிரதியெடுத்தாலும் முரண்சாயல் கூடும் குறையும், வரிசை மாறாது. எது கறுப்போ அது கறுப்பு.

பிரதிக்காரர்
படி பழுப்பேறியிருந்தால்? மஞ்சள் கறை ஆர்த்தோவில் இன்னும் கறுக்குமே. மூலையில் கறை இருப்பது வண்ண ஸ்கேனில் தெரிகிறது. உங்கள் மே வெஸ்ட் அந்த மூலைக்கு நேர் மேலே. அதனால்தான் கரியோ?

நெகட்டிவ்காரன்
கறை அங்கியின் கீழ்விளிம்போடு நிற்கிறது. மேல்பாதியும் அதே கறுப்பு. வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள்: மூலப்படியை 1200 புள்ளித் தரத்தில், தானியங்கி முரண்சாயலை அணைத்துவிட்டு, 16 பிட் சாம்பலில் ஸ்கேன் செய்யுங்கள். அங்கி, நடுவட்டம், வெளிவட்டம், சட்டை நான்கிலும் கறையில்லாத இடத்தில் அளவெடுத்துப் போடுங்கள். செல்பேசியில் எடுத்து வாட்ஸப்பில் வந்த படத்தை வைத்து வாதாடினால் முயலுக்கு மூன்று கால்தான்.

சாம்பல்48
அதே வாட்ஸப் படத்தில்தான் நீங்கள் உதட்டின் நிறம் வரை பார்த்தீர்கள்.

கரைவிமானி
வாலில் உள்ள பட்டைச் சின்னம் தெரிந்தால் ஒரு நொடி வேலை. அதிலும் அதே நிறங்கள், சிவப்பானால் இடையில் வெள்ளைப் பட்டை இருக்கும். பகிர்ந்தவர் வாலை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார். முழுப்படம் கேட்டேன், வண்ணம் இன்னும் கூட்டிய பதிப்பை அனுப்பினார்.

நெகட்டிவ்காரன்
அதில் மே வெஸ்ட் என்ன நிறம்?

கரைவிமானி
நீலம்.

சாம்பல்48
நடுவட்டம்?

கரைவிமானி
சிவப்பு. ஆனால் அதை வைத்து

சாம்பல்48
போதும்.

நெகட்டிவ்காரன்
செயலி பூசியதைச் சாட்சிக்கு அழைக்கும் நிலைக்கு வந்துவிட்டாரா! சிவப்பு இல்லை.

தோள்பட்டை
ரிப்பனில் இருப்பது ரோஜாவா தூசியா என்று யாராவது பெரிதாக்கிப் பார்த்தீர்களா?