ரயிலில் பழகிய ரஷ்யப் பாட்டிக்குக் கடிதம் எழுத உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு நீண்ட ரயில் பயணம். எதிர் இருக்கையில் ஒரு பாட்டி. அவருக்கு ரஷ்ய மொழி மட்டும்தான் தெரியும், எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் ஆறு மணி நேரம் பேசிக்கொண்டே வந்தோம். விரல்விட்டுப் பேரப்பிள்ளைகளை எண்ணிக் காட்டினார். நான் நோட்டில் என் வீட்டையும் மகளையும் வரைந்தேன். மகளுக்குக் காய்ச்சல் என்று நெற்றியில் கை வைத்துக் காட்டியதும், என் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. இறங்கும்போது அதே நோட்டில் முகவரியும் நாலு வரியும் எழுதிக் கொடுத்தார்.

அந்த நாலு வரிதான் புரியவில்லை. கூகுள் டிரான்ஸ்லேட் கேமராவில் காட்டினால் ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ வருகிறது. ரஷ்யக் கூட்டெழுத்தில் பல எழுத்துகள் ஒரே மாதிரி வளைகோடுகளாகத்தான் தெரிகின்றன.

பதில் எழுதவும் தயக்கம். நம் நீ, நீங்கள் போல ரஷ்ய மொழியிலும் ‘தி’, ‘வி’ என்று இரண்டு உண்டு. ஆங்கிலம் வழியாக மாற்றினால் அந்த வேறுபாடு தொலைந்துபோகிறது. அவரை ஒருமையில் அழைத்துவிடக் கூடாது. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதி, வந்ததைத் திரும்பத் தமிழாக்கிச் சரிபார்த்து வைத்திருக்கிறேன்.

ரஷ்யக் கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள், அங்கே படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சொந்த விஷயமாக இருக்கலாம் என்பதால் படத்தை இங்கே போடவில்லை, தனிச்செய்தியில் அனுப்புகிறேன். என் கடிதத்தையும் ஒருமுறை பார்த்துத் தந்தால் போதும். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்பதை அவருக்கு முதலில் சொல்ல வேண்டும்.