புதுப்பிப்பு: மூட்டுவாதமும் மதுரை டாக்டரும்

தங்கச்சிமடத்திலிருந்து போன வருடம் எழுதியிருந்தேன். ருமட்டாய்டு மூட்டுவாதம், காலையில் விரல் மடங்கவில்லை, கடலில் பாசி எடுக்கப் போக முடியவில்லை, பார்க்கிற டாக்டரோ நிமிர்ந்தும் பார்க்காமல் வலி ஊசி போட்டு அனுப்புகிறார் என்று. மதுரையில் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள் என்றீர்கள். போனேன்.

மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை கொடுத்தார். வாரத்தில் ஒரே நாள்தான், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, சீட்டில் 'ஞாயிறு' என்று பெரிதாகத் தமிழில் எழுதி வட்டம் போட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த வட்டத்தால்தான்.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் வீட்டுக்காரர் விசைப்படகு கரையில், வருமானம் இல்லை. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டேன். குமட்டலுக்குப் பயந்து மாத்திரையையும் விட்டேன். ஒழுங்காகப் போட்டேன் என்று பொய் சொல்லத்தான் கிளம்பினேன். உட்கார்ந்ததும், "எத்தனை வாரம் விட்டுப்போச்சும்மா?" என்று அவரே கேட்டார். மூன்று என்றேன். திட்டவில்லை. "மறைச்சீங்கன்னா மருந்து கேட்கலைன்னு நெனச்சு நான் அளவைக் கூட்டிடுவேன்" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. குமட்டல் குறைய மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை கொடுத்தார். கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனையை ராமநாதபுரம் அரசு மருத்துவமனையிலேயே எடுத்து வரலாம் என்றார்.

மூட்டுவலிக்கு மாமியார் கொடுக்கும் எண்ணெயைப் பற்றியும் அவரிடம் சொல்லிவிட்டேன். மேலே தடவலாம், உள்ளே வேண்டாமாம்.

இப்போது விரல் மடங்குகிறது. பாசிக்கு இன்னும் போகவில்லை. கருவாடு காயவைக்கிறேன்.