உச்சிப்புளி வீட்டுக் குழு: மிட்வே கப்பல் பார்த்த அன்று

கயல்: எல்லாரும் எழுந்தாச்சா? இங்கே சாயங்காலம். காரில் சான் டியாகோ வந்ததும் நேரே மிட்வே கப்பலுக்குப் போய்விட்டோம். அமெரிக்கக் கடற்படையின் பழைய விமானந்தாங்கிக் கப்பல். இப்போதுதான் வெளியே வந்தோம்.

கயல்: (படங்கள்)

அம்மா: சாப்பிட்டீர்களா? கவின் ஏன் வாடிக் கிடக்கிறான்?

கயல்: உள்ளே பூராவும் செங்குத்து ஏணிதான் அம்மா. ஏறி இறங்கியே ஓய்ந்துவிட்டான்.

பிரபு: ஓடுகிற கப்பலா அக்கா, கட்டிப் போட்டதா?

கயல்: கட்டிப் போட்டதுதான். 1945-இல் பணிக்கு வந்து 1992-இல் ஓய்வு. 2004-லிருந்து அருங்காட்சியகம். மேல்தளம் மட்டும் 4 ஏக்கராம்.

பிரபு: நம்ம தோப்பே அவ்வளவு இல்லையே!

முருகேசன் மாமா: கயல், மேல்தளத்தில் குறுக்கே கம்பி வடம் கிடந்ததா?

கயல்: கிடந்தது மாமா. விமானத்தின் வால் கொக்கி அதில் மாட்டினால்தான் நிற்குமாம்.

முருகேசன் மாமா: மாட்டாவிட்டால் மறுபடி பறந்தாக வேண்டும். அதனால் தளத்தைத் தொட்டதும் விமானி இன்ஜினை முழு வேகத்துக்குக் கொண்டுபோவார். தரையில் இறங்குகிறவன் வேகத்தைக் குறைப்பான், கப்பலில் இறங்குகிறவன் கூட்டுவான். நான் இருந்த நம் கடற்படையின் பழைய விமானந்தாங்கி விக்ராந்தில் அலிஸே விமானம் இறங்கினால் கீழே எங்கள் படுக்கையே அதிரும்.

செல்வி அத்தை: ஆரம்பித்துவிட்டார். இனி மத்தியானம் வரை ஓயாது.

கயல்: அத்தை, உங்களுக்குத்தான் ஒரு கதை வைத்திருக்கிறேன். 1975 ஏப்ரல் கடைசி, தெற்கு வியட்நாம் தலைநகர் சைகோன் வடக்கு வியட்நாம் படையிடம் விழுகிற நேரம். தெற்கு வியட்நாம் விமானப்படை மேஜர் புவாங், இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தில் மனைவியையும் 5 பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கடலுக்கு மேல் வந்துவிட்டார். கீழே மிட்வே. மேல்தளம் முழுக்க ஹெலிகாப்டர்கள். இடம் ஒதுக்கித் தரச் சொல்லிச் சீட்டு எழுதிப் போடுகிறார். முதலில் போட்டவை காற்றில் கடலுக்குப் போய்விட்டன, ஒன்று மட்டும் தளத்தில் விழுந்தது. கேப்டன் லாரன்ஸ் சேம்பர்ஸ் ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளச் சொல்லிவிட்டார்! ஏறக்குறைய 1 கோடி டாலர் சரக்கு. எத்தனை போயின என்று விசாரணையில் கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டுமே, அதனால் அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லையாம்.

பிரபு: ஆத்தாடி. இறங்கினாரா?

கயல்: பத்திரமாக இறங்கினார். அந்த விமானத்துக்குக் கொக்கி கிடையாது, அதனால் வடங்களையே கழற்றிவிட்டார்கள். அது இப்போது புளோரிடாவில் பென்சகோலா அருங்காட்சியகத்தில். இங்கே அதே வகையில் வேறொன்று வைத்திருக்கிறார்கள்.

முருகேசன் மாமா: கப்பலைக் காற்றுக்கு எதிரே திருப்பி வேகமாக ஓட்டியிருப்பார்கள். அப்படிச் செய்தால் சின்ன விமானம் தளத்தில் மெதுவாக வந்து உட்காரும்.

செல்வி அத்தை: 83 கலவரத்துக்குப் பிறகு அக்கரையிலிருந்து சனம் வந்துகொண்டே இருந்த காலம். தனுஷ்கோடிப் பக்கம் ஒரு மணல்திட்டில் பிள்ளைகளோடு நின்றவர்களைப் பார்த்து, எங்கள் அப்பா அன்றைக்குப் பிடித்த மீனையும் ஐஸையும் கடலில் கொட்டிவிட்டு அவர்களை ஏற்றி வந்தார். மண்டபம் முகாமில் சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். டீசல் கடனை யார் கட்டுவது என்று அம்மா போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது.

அம்மா: இதை நீ சொன்னதே இல்லையே செல்வி.

செல்வி அத்தை: யார் கேட்டீர்கள் மதினி? இந்த வீட்டில் விக்ராந்த் கதைக்கே நேரம் போதவில்லை.

பிரபு: மாமா, அந்த விக்ராந்தை இப்போது பார்க்க முடியுமா?

முருகேசன் மாமா: எங்கே? 1997-இல் ஓய்வு. மும்பையில் அருங்காட்சியகமாக இருந்ததை 2012-இல் மூடி, 2014-இல் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். 2017-இல் ஓய்வுபெற்ற இன்னொரு விமானந்தாங்கி விராட்டையும் குஜராத்தில் கப்பல் உடைக்கும் ஆலங்கில் உடைத்தாயிற்று. கப்பலைத் துருப்பிடிக்காமல் காக்கப் பெரும் பணம் வேண்டும், உண்மைதான். ஆனாலும் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்கலாம்.

பிரபு: என் பஜாஜ் வி வண்டி டேங்கில் விக்ராந்த் இரும்பு இருக்கிறதே!

முருகேசன் மாமா: தெரியும். நீ அதைக் கழுவாமல் ஓட்டுவதும் தெரியும்.

கயல்: கவின் கேட்கிறான், மிட்வே நம் புதுப் பாம்பன் பாலத்துக்குக் கீழே போகுமா தாத்தா?

முருகேசன் மாமா: பாலம் வரைக்கும் வந்தால்தானே கவின். அந்தக் கப்பலுக்குத் தண்ணீருக்கு அடியிலேயே 30 அடிக்கு மேல் ஆழம் வேண்டும். பாம்பன் கால்வாயில் அவ்வளவு ஏது? வெளியிலேயே தரை தட்டி நின்றுவிடும்.

அம்மா: அப்படி நின்றால் ஊரே போய்ப் பார்க்கலாம், டிக்கெட் வேண்டாம்.

பிரபு: மாமா, விசாகப்பட்டினக் கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கியை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்களே, பொங்கல் லீவில் காரில் போவோமா?

முருகேசன் மாமா: போவோம். ஓட்டுவது நான்.

செல்வி அத்தை: அப்படியென்றால் நான் ரயிலில் வருகிறேன்.

முருகேசன் மாமா: கயல், இன்ஜின் அறைப் படம் ஒன்றுகூட இல்லையே?

கயல்: இருக்கிறது மாமா. எல்லாவற்றிலும் கவின் தலை பாதியை மறைக்கிறது. பரவாயில்லையா?

முருகேசன் மாமா: அனுப்பு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.