தேடல் வரலாறா, தேடற்பதிவேடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பயனர்களின் தேடல் விவரங்களை அரசு கோருவது பற்றிய கட்டுரைகளில் ‘தேடல் வரலாறு’ என்ற சொல்லையே எல்லா இடங்களிலும் ஆளலாம் என்று நம் கலைச்சொல் பட்டியலுக்கான இந்த உரையாடலில் முன்மொழியப்பட்டிருக்கிறது. உலாவியில் நாம் பார்க்கும் பட்டியலுக்கு அச்சொல் பொருந்தும். அதை நாமே அழித்துவிடவும் முடியும். அரசு கேட்பதோ, தேடுபொறி நிறுவனம் தன் வழங்கியில் (சர்வர் கணினியில்) தனக்காகச் சேர்த்து வைத்திருப்பதை. உலாவியில் அழித்தாலும் அங்கே அது அழிவதில்லை என்பதால், இரண்டையும் ஒரே பெயரால் குறித்தால் வாசகர் ஏமாந்துபோவார்.

நிறுவனத்தின் பக்கத்தில் ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு வரி சேர்கிறது. தட்டிய சொற்கள், தேதி, நொடிவரை நேரம், ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பைக் குறிக்கும் எண்), உலாவியின் பெயர், குக்கீயில் (தளம் நம் உலாவியில் இட்டுவைக்கும் சிறு குறிப்பில்) உள்ள எண் ஆகியவை அந்த வரியில் இருக்கும். ஆகவே தட்டிய சொற்களுக்கு ‘வினவல்’, முழு வரிக்குத் ‘தேடற்பதிவு’, வரிகளின் தொகுப்புக்குத் ‘தேடற்பதிவேடு’ என்று பிரித்து வழங்கலாம் என்பது என் கருத்து.

இந்தப் பிரிவினை இல்லாமல் 2006இல் அமெரிக்காவில் நடந்த வழக்கைத் தமிழில் விளக்குவது கடினம். 1998ஆம் ஆண்டின் இணையச் சிறார் பாதுகாப்புச் சட்டத்தை நீதிமன்றத்தில் நிலைநிறுத்த முயன்ற அமெரிக்க நீதித்துறை (இது அரசின் ஓர் அமைச்சகம், நீதிமன்றங்களைக் குறிப்பதாக மயங்க வேண்டாம்), சிறாருக்கு ஒவ்வாத பக்கங்களைத் தடுக்கும் வடிகட்டி மென்பொருள்கள் எந்த அளவுக்குப் பயன்படுகின்றன என்று ஆராய்வதற்காக, 2005 ஆகஸ்டில் கூகுளுக்கு அழைப்பாணை அனுப்பி, இரண்டு மாத காலத்தில் இடப்பட்ட வினவல்கள் அனைத்தையும், கூகுள் தேடலில் கிடைக்கும் இணையப் பக்க முகவரிகள் அனைத்தையும் கேட்டது. தேடல் சேவை நடத்திய யாகூ, மைக்ரோசாப்ட், ஏஓஎல் ஆகிய நிறுவனங்கள் தரவு கொடுத்தன, கூகுள் மறுத்தது. விசாரணைக்கு வந்தபோது அக்கோரிக்கை 5,000 வினவல்களாகவும் 50,000 இணையப் பக்க முகவரிகளாகவும் சுருங்கியிருந்தது. 2006 மார்ச் 17 அன்று நீதிபதி ஜேம்ஸ் வேர், முகவரிகளைக் கொடுக்கும்படி உத்தரவிட்டு, வினவல்களைப் பொறுத்தவரை அரசின் கோரிக்கையை மறுத்தார்.

யார் தேடினார் என்ற விவரம் தனக்கு வேண்டாம் என்றுதான் அரசு சொன்னது. அப்படியிருந்தும், தம் பெயரையே தேடிப் பார்ப்பவர்கள் இருப்பதால் வினவலுக்குள்ளேயே ஆளின் அடையாளம் தென்படக்கூடும் என்பதை நீதிபதி கருத்தில் கொண்டார். ‘அரசு தேடல் வரலாற்றைக் கேட்டது’ என்று எழுதினால் வழக்கின் இந்த நுணுக்கம் காணாமற்போகும்.

மறுமொழி:

ஐயா, தாங்கள் சொன்ன மூன்றும் எனக்கு உடன்பாடே. பதிவேடு என்றதும் ஒருவர் கையால் எழுதும் ஏடு நினைவுக்கு வரலாம். பழகிய சொல் என்பதால் இருக்கட்டும்.

ஆனால் இதே கட்டுரைகளில் தாராளமாகப் புழங்கும் ‘அடையாள நீக்கம்’ என்ற சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம், ஏறத்தாழ 6,50,000 பயனர்கள் மூன்று மாதங்களில் இட்ட சுமார் 2 கோடி வினவல்களை ஆய்வாளர்களுக்கென வெளியிட்டபோது, பயனர் பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கோர் எண் கொடுத்திருந்தது. ஓர் எண்ணின் கீழ் ஊர்ப்பெயரும், ஒரே குடும்பப் பெயர் கொண்ட பலரின் பெயர்களும், உடல் உபாதைகளும் வரிசையாகக் கிடந்தமையால், சில நாள்களுக்குள் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் அந்தப் பயனர் யாரென்று கண்டுபிடித்துவிட்டனர். அங்கே நீங்கியது பெயர். அடையாளம் அப்படியே இருந்தது. ஆகவே அத்தகைய செயலைப் ‘பெயர்நீக்கம்’ என்பதே நேர்மை. சிலர் ‘புனைபெயராக்கம்’ என்று எழுதுகிறார்கள். வெறும் எண்ணைப் புனைபெயர் என்பது சற்று மிகை.

ஐபி முகவரியையும் குக்கீ எண்ணையும் அழித்து, ஒருவருடைய வரிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வழியையும் அறுத்து, தாங்கள் குறிப்பிட்டதுபோல் வினவலுக்குள் இருக்கும் பெயர்களையும் களைந்த பின்னரே ‘அடையாள நீக்கம்’ என்று எழுத வேண்டும். கலைச்சொல் பட்டியலில் ‘பெயர்நீக்கம்’, ‘அடையாள நீக்கம்’ ஆகிய இரண்டையும் தனித்தனியாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.