தமிழ் புரூஃப் பாக்க மானிட்டர்: 24ஆ 27ஆ? கொஞ்சம் சொல்லுங்க

காவிரிக்கரை:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக்கு ஒரு மானிட்டர் வாங்கணும், பட்ஜெட் 15 ஆயிரம், நல்லதா இருந்தா 17 வரைக்கும் இழுக்கலாம். மனைவி வீட்ல இருந்தே பதிப்பகத்துக்கு புரூஃப் பாக்குறாங்க, அதாவது அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிழை திருத்துறாங்க, நாள் முழுக்க பிடிஎஃப், எல்லாம் தமிழ்தான். 15.6 இன்ச் லேப்டாப்ல குனிஞ்சே உக்காந்து பாக்குறதால கழுத்து வலி, சாயங்காலம் ஆனா கண்ணு எரியுதுங்குறாங்க. வயசு 48, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியா வர்ற புரோகிரஸிவ் கண்ணாடி போட்டிருக்காங்க. ராத்திரி பையன் கொஞ்ச நேரம் கேம் ஆடுவான், ஞாயித்துக்கிழமை படம், மத்தபடி பெரிய வேலை எதுவும் இல்ல. லேப்டாப் ஐ5 எட்டாவது ஜெனரேஷன், மானிட்டர் மாட்ட ஒரு ஹெச்டிஎம்ஐ போர்ட் இருக்கு, ஒரு டைப் சி போர்ட் இருக்கு. கடையில 27 இன்ச் ஃபுல் ஹெச்டி 100 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 100 தடவை படம் புதுப்பிக்கிறது) காமிச்சு இதுவே போதும் சார்னு சொல்றாங்க. மச்சான் என்னடான்னா 32 இன்ச் டிவி ஒண்ணு வாங்கி மாட்டு, படத்துக்கும் ஆச்சு வேலைக்கும் ஆச்சுங்குறான். எதை நம்புறதுன்னு தெரியல.

புள்ளிக்கணக்கு:
அண்ணே, 27 இன்ச்ல ஃபுல் ஹெச்டி மட்டும் வேண்டாம், எழுத்து படிக்கிற வேலைக்குன்னா கண்டிப்பா வேண்டாம். காரணம் சொல்றேன். ஃபுல் ஹெச்டின்னா 1920க்கு 1080 பிக்சல் (ஸ்க்ரீன்ல படத்தை உண்டாக்குற குட்டிக் குட்டிக் கட்டம்), ஸ்க்ரீன் எவ்ளோ பெருசானாலும் அதே எண்ணிக்கைதான், அதனால 24 இன்ச்ல ஒரு இன்ச்சுக்கு 92 பிக்சல் வர்றது 27ல 82 ஆயிடுது, ஒவ்வொரு பிக்சலும் பெருசாகி எழுத்தோட ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியும். அதே 27 இன்ச்ல கியூஹெச்டி, அதாவது 2560க்கு 1440 எடுத்தா இன்ச்சுக்கு 109 பிக்சல். 32 இன்ச் கியூஹெச்டி எடுத்தா திரும்பவும் 92தான், 24 ஃபுல் ஹெச்டி எவ்ளோ கூர்மையோ அவ்ளோதான். கடைக்காரங்க இன்ச்சும் ஹெர்ட்ஸும் மட்டும்தான் சொல்லுவாங்க, நீங்க ரெசல்யூஷன், அதாவது எத்தனைக்கு எத்தனை பிக்சல்னு முதல்ல கேளுங்க.

தமிழுக்கு இது இங்கிலீஷை விட முக்கியம்ணே. 12 பாயின்ட் சைஸ்ல ஒரு எழுத்து சாதாரண ஸ்க்ரீன்ல 16 பிக்சல் உயரத்துக்குள்ள அடங்கணும், அதுக்குள்ள ண-வோட சுழி, ற-வோட வளைவு, மேல ஒரு புள்ளி எல்லாம் வரணும், அந்தப் புள்ளிக்கு கிடைக்கிறது ஒரு பிக்சலோ ரெண்டு பிக்சலோதான். ன-வா ன்-ஆ, ல-வா ல்-ஆன்னு பாக்குறதுதான் புரூஃப் வேலையே, அங்கயே மங்கலா தெரிஞ்சா கண்ணு எரியாம என்ன பண்ணும். 27 கியூஹெச்டில அதே எழுத்தை அதே சைஸுக்கு ஜூம் பண்ணி வச்சா 27 ஃபுல் ஹெச்டியை விட உயரத்துல மூணுல ஒரு பங்கு பிக்சல் கூடுதலா கிடைக்கும், வித்தியாசம் பாத்த உடனே தெரியும்.

கொங்குக்காரன்:
டிவி யோசனையை விட்ருங்க நண்பா. 32 இன்ச் டிவில நிறைய மாடல் வெறும் 1366க்கு 768தான், கணக்கு போட்டா இன்ச்சுக்கு 50 பிக்சல் கூட வராது, தூரத்துல இருந்து படம் பாக்க நல்லா இருக்கும், ரெண்டடி தள்ளி உக்காந்து எழுத்து படிக்க முடியாது. சில டிவி லேப்டாப்புல இருந்து வர்ற கலர் தகவலையும் சுருக்கிதான் காட்டும், சிவப்பு எழுத்தோட ஓரம் கசிஞ்ச மாதிரி இருக்கும், புரூஃப்ல கமென்ட் எல்லாம் சிவப்புலதானே போடுவாங்க.

ஒரு விஷயம் கேக்கணும், உங்க டைப் சி-ல வீடியோ வருமா? எல்லா டைப் சி-யும் மானிட்டருக்கு படம் அனுப்பாது. ஓட்டைக்குப் பக்கத்துல டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இடி மின்னல் குறியோ இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி லேப்டாப் மாடல் நம்பரைப் போட்டு கம்பெனி சைட்ல ஸ்பெக் பாருங்க. எட்டாவது ஜெனரேஷன் லேப்டாப் பலதுல ஹெச்டிஎம்ஐ 1.4தான், அதுல 4கே (3840க்கு 2160 பிக்சல்) போட்டா 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மவுஸ் நகர்த்துறதே இழுத்து இழுத்து போகும். கியூஹெச்டி 60 ஹெர்ட்ஸ்னா 1.4லயே பிரச்சனை இல்லாம ஓடும். அதனால பட்ஜெட் கூடுனாலும் இந்த லேப்டாப்போட 4கே பக்கம் போறதுல பிரயோஜனம் இல்ல.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். சைட்ல பாத்தேன், ஹெச்டிஎம்ஐ 1.4ன்னுதான் போட்டிருக்கு, டைப் சி வெறும் டேட்டா மட்டும். அப்ப 4கே கதை முடிஞ்சுது. 27 கியூஹெச்டி, ஐபிஎஸ்ங்குற பேனல் வகை, 15, 16 ஆயிரத்துல தெரியுது, 24 ஃபுல் ஹெச்டி ஐபிஎஸ் 8 ஆயிரம் பக்கம். கிட்டத்தட்ட டபுள் விலை, அவ்ளோ குடுக்குறது ஒர்த்தான்னு மனைவி கேக்குறாங்க.

அச்சுக்கோர்ப்பு:
தம்பி, நான் டிடிபி, அதாவது கம்ப்யூட்டர்ல புத்தகப் பக்கம் வடிவமைக்கிற வேலைல ரொம்ப வருஷமா இருக்கேன், உங்க வீட்டம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்றேன். ஏ4 தாள் உயரம் 297 மில்லிமீட்டர். 24 இன்ச் மானிட்டர்ல ஸ்க்ரீன் உயரமே ஏறக்குறைய அவ்ளோதான், அதுல மேல டூல்பார் கீழ டாஸ்க்பார் போயிட்டா ஒரு பக்கத்தை நிஜ சைஸ்ல முழுசா பாக்க முடியாது, உருட்டிக்கிட்டே இருக்கணும். 27 இன்ச்ல உயரம் 336 மில்லிமீட்டர், அகலம் 598. ஒரு பக்கம் முழுசா நிஜ அளவுல நிக்கும், பக்கத்துல மூலப்பிரதியையும் முழுசா வச்சுக்கலாம், அதுக்கப்புறமும் ஓரத்துல இடம் மிச்சம். கையெழுத்துப் பிரதியோட ஒப்பிட்டுப் பாக்குறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய நிம்மதின்னு அந்த வேலை செஞ்சவங்களுக்குத்தான் தெரியும். ஒருநாள் முழுக்க அதைப் பாத்து சம்பாதிக்கிறவங்க அவங்க, அந்த எட்டாயிரம் அவங்க கண்ணுக்கும் கழுத்துக்கும் போற காசு, யோசிக்காம குடுங்க.

ஆனா ஸ்டாண்டை கவனிங்க தம்பி. விலை கம்மியான மாடல்ல முன்ன பின்ன சாய்க்க மட்டும்தான் முடியும், உயரத்தை ஏத்தி இறக்க முடியாது. பொதுவா ஸ்க்ரீனோட மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரணும்னு சொல்லுவாங்க, புரோகிரஸிவ் கண்ணாடிக்கு அப்படி வச்சா தப்பாயிடும். கிட்டப் பாக்குற பவர் கண்ணாடியோட கீழ்ப்பக்கத்துல இருக்கறதால தாடையைத் தூக்கித் தூக்கிப் பாப்பாங்க, இப்ப இருக்குற கழுத்து வலி இன்னும் கூடும். அவங்களுக்கு கொஞ்சம் தாழ்வா, மேல்பக்கம் லேசா பின்னால சாய்ஞ்சாப்புல வைக்கணும். பையன் உக்காந்தா அவனுக்கு வேற உயரம் வேணும். அதனால ஏத்தி இறக்குற ஸ்டாண்ட் உள்ளதா பாருங்க, கிடைக்கலன்னா பின்னாடி 100க்கு 100 மில்லிமீட்டர் வெசா ஓட்டை (ஸ்டாண்ட் மாட்டுற ஸ்க்ரூ ஓட்டை) இருக்கான்னு பாத்து வாங்கிட்டு அப்புறமா மானிட்டரைத் தாங்குற ஒரு ஆர்ம் மாட்டிக்கலாம். இன்னொண்ணு, கண் டாக்டர்கிட்ட கம்ப்யூட்டர் தூரத்துக்குன்னே ஒரு தனிக் கண்ணாடி கேளுங்க, ரெண்டடி தூரத்துக்கு மட்டும் பவர் போட்டுத் தருவாங்க. என்னைக் கேட்டா மானிட்டருக்கு முன்னாடி செய்ய வேண்டியது அது.

வெளிச்சம்:
அச்சுக்கோர்ப்பு அக்கா சொன்னதுல எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து. வேலைக்கு கியூஹெச்டி சரி, ஆனா கண் எரியறதுக்கு ஸ்க்ரீனை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. நான் போற வீட்லெல்லாம் பாக்குறது, ஜன்னல் உக்காந்திருக்கவங்க முதுகுக்குப் பின்னாடியோ மானிட்டருக்குப் பின்னாடியோ வர்ற மாதிரி மானிட்டரை வச்சுட்டு கண் கூசுதுன்னு சொல்றாங்க. ஜன்னல் பக்கவாட்டுல வர்ற மாதிரி மேஜையைத் திருப்புங்க, செலவே இல்ல. ப்ளூ லைட் ஃபில்டர், ப்ளூ லைட் கண்ணாடின்னு விக்கிறதுக்கு காசு போடாதீங்க, கம்ப்யூட்டரால வர்ற கண் எரிச்சலுக்கு நீல ஒளி காரணம் இல்லன்னு அமெரிக்க கண் மருத்துவர்கள் சங்கமே சொல்லுது. உத்துப் பாக்கும்போது கண் சிமிட்டுறது குறைஞ்சு போகுது, கண்ணு காஞ்சு போய் எரியுது, மேல ஃபேன் காத்து மூஞ்சில அடிச்சா இன்னும் மோசம். அட்டைப்பெட்டில ஃப்ளிக்கர் ஃப்ரீன்னு போட்டிருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, சில மானிட்டர் பிரைட்னஸை குறைக்க விளக்கை வேகமா அணைச்சு அணைச்சு எரிய விடும், அது சிலருக்கு தலைவலி தரும்.

பேனல் பத்தி யாரும் சொல்லல. விஏ பேனல் வேண்டாம் ஐபிஎஸ் எடுங்க. விஏல கருப்பு நல்ல கருப்பா இருக்கும், படம் பாக்க அருமை, ஆனா கருப்பு எழுத்து உள்ள பக்கத்தை வேகமா உருட்டும்போது சில மாடல்ல நிழல் மாதிரி இழுவும், சைடுல இருந்து பாத்தா கலரும் மாறும். அப்புறம் ஹெச்டிஆர் 400ன்னு (வெளிச்சமும் இருட்டும் எடுப்பா தெரியும்ங்குற முத்திரை) ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா அதுக்காக ஒரு ரூபா கூட சேத்துக் குடுக்காதீங்க, இந்த விலைல அது பேருக்குத்தான்.

காவிரிக்கரை:
அக்கா, அந்த ஏ4 கணக்கைக் காமிச்சதும் அவங்களே 27 கியூஹெச்டின்னு சொல்லிட்டாங்க. ஐபிஎஸ், ஏத்தி இறக்குற ஸ்டாண்ட், ஃப்ளிக்கர் ஃப்ரீ, மூணும் இருக்குற ஒண்ணு 16,500க்கு இருக்கு. மேஜையை இன்னைக்கே திருப்பிட்டோம். கண் டாக்டர்கிட்ட வர்ற வாரம் போறோம். மானிட்டர் வந்ததும் வேற ஏதாவது செக் பண்ணணுமா?

கொங்குக்காரன்:
சந்தோஷம் நண்பா. பெட்டியைத் தூக்கிப் போட்றாதீங்க, திருப்பிக் குடுக்கணும்னா அது வேணும். முதல் நாளே வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொரு கலரா ஸ்க்ரீன் முழுக்க போட்டு செத்த பிக்சல் (சரியா எரியாத பிக்சல்) இருக்கான்னு பாருங்க, ஒண்ணு ரெண்டு இருந்தா நிறைய கம்பெனி வாரன்டில எடுத்துக்க மாட்டாங்க, கடையோட ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள மாத்திடணும். விண்டோஸ்ல ரெசல்யூஷன் 2560க்கு 1440ன்னு இருக்கான்னு பாருங்க, அப்புறம் ஸ்டார்ட்ல கிளியர்டைப்னு (எழுத்தைத் தெளிவாக்குற செட்டிங்) தேடி அவங்களையே உக்கார வச்சு எந்த எழுத்து தெளிவா இருக்குன்னு தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. பிரைட்னஸ் கம்பெனில இருந்து வரும்போது ரொம்ப அதிகமா இருக்கும், பக்கத்துல ஒரு வெள்ளைத் தாளை வச்சு ரெண்டும் ஒரே மாதிரி தெரியிற அளவுக்கு குறைச்சுக்கோங்க.