சந்தனக் கன்று ஏன் வெளுக்குது?

மொட்டைமாடி: போட்ட விதையில மூணுதான் முளைச்சுது. ஒரு சாண் வளர்ந்ததும் இலையெல்லாம் மஞ்சள். களை ஒண்ணு விடாம பிடுங்கிட்டுத்தான் வர்றேன். தண்ணி கூடிப்போச்சா?

நாற்றங்கால்: அட, களையைப் பிடுங்கினதுதான் வினை! சந்தனம் பாதி ஒட்டுண்ணிங்க. சாப்பாட்டை இலை தானே சமைச்சுக்கும். ஆனா பக்கத்துச் செடி வேர்லேர்ந்து தண்ணியும் உப்புச்சத்தும் உறிஞ்சும். பையிலேயே பொன்னாங்கண்ணித் தண்டு ஒண்ணு ஊன்றுங்க. அது கன்றை மூடிடாம அப்பப்ப கிள்ளிவிடுங்க. (கிள்ளினது எங்க வீட்ல பொரியல்.)

மொட்டைமாடி: தரையில நட்டா?

நாற்றங்கால்: பக்கத்துல துவரை, பிறகு சவுக்கு. வேரைக் கழுவிப் பாருங்க, சந்தன வேர் பக்கத்துச் செடி வேர்ல குட்டிக் குட்டிப் பொத்தானா ஒட்டியிருக்கும்.

செம்மண்: அடுத்த தடவை விதையை 500 பிபிஎம் (லிட்டர் தண்ணிக்கு 500 மில்லிகிராம்) ஜிப்ரெல்லிக் அமிலத்துல, அதான் முளைப்பைத் தூண்டுற பயிர் ஊக்கி, ராத்திரி முழுக்க ஊறப்போடுங்க. மூணோட நிக்காது.